நில ஆவணத் தரவுத்தளமும் நுழைவாயில் மென்பொருளும்: பேரிகை எல்லைப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசின் தரவுத்தளங்களில் உள்ள தகவல்கள் இணையப் பக்கங்களாக வெளிப்படுவதற்கு இடையில் நின்று பணியாற்றுவது நுழைவாயில் மென்பொருள். பயனரின் கேள்வியை வாங்கித் தரவுத்தளத்திற்குரிய மொழியில் மாற்றி, கிடைக்கும் விடையைப் பக்கமாக்கித் தருவது அதன் வேலை. எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்க இயலாது என்பதையும் அதுவே வரையறுக்கிறது. தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய இரு மாநிலங்களின் நில ஆவணச் சேவைகள் ஒன்றையொன்று தொடும் பேரிகைப் பகுதியைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நுழைவாயில் மென்பொருள், தரவுத்தளம், பட்டா, பூமி, தமிழ்நிலம், குறியாக்கம், பேரிகை

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி வட்டத்தில் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பேரிகை. வடக்கே செல்லும் சாலைகள் சிறிது தொலைவிலேயே கோலார் மாவட்டத்தின் மாலூர் வட்டத்திற்குள் நுழைந்துவிடுகின்றன. கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் பெயரில் உள்ள மாஸ்தி அந்த வட்டத்து ஊரே. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் இப்பகுதியில் அன்றாடம் புழங்குகின்றன. நிலம், உறவு, சந்தை ஆகியவை எல்லைக்கு இருபுறமும் பரவியவை. ஓசூர்த் தொழிற்பகுதி விரிந்து சூளகிரியிலும் சிப்காட் பூங்கா அமைந்த பின்னர் நிலத்தின் மதிப்பும், நில ஆவணத்தைப் பார்க்க வேண்டிய தேவையும் பெருகின.

நிலத்தை உழவர்வாரியாகப் பதியும் வழக்கத்திற்கு இப்பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அங்கே மேற்கொண்ட அளவையிலும் தீர்வையிலும் இருந்தே இரயத்துவாரி முறை வளர்ந்தது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் சேர்ந்தது. இன்று அந்தப் பதிவேட்டை ஒருவர் காண விரும்பினால் கணக்குப்பிள்ளையின் வீட்டுத் திண்ணைக்குச் செல்வதில்லை. கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்புகிறார். படிவத்திற்கும் பதிவேட்டிற்கும் நடுவே ஒரு நிரல் இருக்கிறது. அந்நிரலைப் பற்றித் தமிழில் பேசப்படுவது குறைவு.

நுழைவாயில் செய்யும் வேலை

இணையம் முதலில் கோப்புகளின் உலகமாக இருந்தது. உலாவி ஒரு கோப்பின் பெயரைச் சொல்லும். வழங்கி அக்கோப்பை எடுத்துக் கொடுக்கும். தரவுத்தளத்தில் இவ்வாறு எடுத்துக் கொடுப்பதற்கு ஆயத்தமான கோப்பு ஏதும் இல்லை. அட்டவணைகளும் அவற்றின் வரிசைகளுமே உள்ளன. ஒருவர் கேட்கும்போதுதான் அவற்றிலிருந்து பக்கம் உருவாக வேண்டும்.

இத்தேவை மிகத் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. 1991 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் பால் குன்ஸ் என்னும் இயற்பியலாளர் நிறுவியது ஐரோப்பாவுக்கு வெளியே அமைந்த முதல் இணைய வழங்கி. இயற்பியல் ஆய்வுரைகளின் நூலடைவான ஸ்பயர்ஸ் தரவுத்தளத்தை உலகெங்கும் உள்ள ஆய்வாளர் வினவுவதற்கான வாயிலாகவே அது அமைந்தது. அம்மையத்தின் நூலகர் லூயிஸ் ஆடிஸ் அம்முயற்சிக்கு உந்துதலாக இருந்தார். ஐரோப்பாவைக் கடந்து இணையம் வைத்த முதல் அடியே ஒரு நூலடைவுத் தரவுத்தளத்தைத் திறந்து வைத்ததாக அமைந்தது தமிழாய்வாளர் நினைவில் கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் ஒவ்வொரு வழங்கியும் வெளி நிரலைத் தன் போக்கில் அழைத்தது. 1993இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணிமைப் பயன்பாட்டு மையத்தில் இதற்கொரு பொது ஒழுங்கு வகுக்கப்பட்டது. பொது நுழைவாயில் இடைமுகம் எனப் பொருள்படும் அது சி.ஜி.ஐ. என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. அதன் 1.1ஆம் பதிப்பு 2004 அக்டோபரில் ஆர்.எப்.சி. 3875 ஆவணமாகப் பதிவு பெற்றது.

அவ்வொழுங்கின் சாரம் எளிது. பயனர் படிவத்தை நிரப்பி அனுப்பியவுடன், ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் அதில் இட்ட மதிப்பும் இணைகளாகக் கோக்கப்பட்டு வழங்கியை அடைகின்றன. வழங்கி அந்தக் கோவையைச் சூழல் மாறி வழியாகவோ உள்ளீட்டு ஓடை வழியாகவோ நிரலிடம் ஒப்படைக்கிறது. நிரல் அதைப் பிரித்து, எஸ்.க்யூ.எல். வினவலாக மாற்றித் தரவுத்தளத்திற்கு அனுப்புகிறது. திரும்பி வரும் வரிசைகளை எச்.டி.எம்.எல். குறிகளுக்குள் வைத்து வெளியிடுகிறது. முதலில் உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் ஒரு வரி, அடுத்து ஒரு வெற்று வரி, அதன் பின் பக்கம். வேலை முடிந்ததும் நிரல் மறைகிறது.

ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக ஒரு நிரல் பிறந்து மடிவது கூட்டம் மிகுந்த வழங்கிக்குச் சுமையாயிற்று. எனவே நிலைத்து நிற்கும் நிரல்களும் வழங்கிக்குள்ளேயே இயங்கும் மொழிகளும் பின்னர் வந்தன. இன்று பெருவழக்காக உள்ள பி.எச்.பி.யும் ராஸ்மஸ் லெர்டார்ப் எழுதிய சி.ஜி.ஐ. நிரல்களின் தொகுப்பாகவே தொடங்கியது. கருவிகள் மாறினாலும் கேள்வியை வாங்கி, வினவலாக்கி, விடையைப் பக்கமாக்கும் வரிசை மாறவில்லை.

படிவம் ஏற்கும் கேள்விகள்

எஸ்.க்யூ.எல். மொழியில் தரவுத்தளத்தைப் பலவாறு கேட்கலாம். ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கருக்குக் குறைவாக நிலம் உடையோர் எத்தனை பேர், கடந்த பத்தாண்டுகளில் எத்தனை புல எண்கள் உட்பிரிவு செய்யப்பட்டன, பெண்கள் பெயரில் உள்ள பட்டாக்களின் பங்கு என்ன என்பன போன்றவை சமூகவியல் ஆய்வாளர் கேட்க விரும்பும் கேள்விகள். தரவுத்தளத்தால் இவற்றில் பலவற்றுக்கு விடை தர இயலும். நுழைவாயில் அவற்றை ஏற்பதில்லை.

தமிழ்நாட்டின் இணையவழி நில ஆவணச் சேவை தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய தமிழ்நிலம் தரவுத்தளத்தின் மேல் நிற்கிறது. அதன் பட்டாப் படிவம் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தெரிவு செய்த பின்னர்ப் பட்டா எண்ணையோ புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையுமோ கேட்கிறது. அதாவது நிலத்தை ஏற்கெனவே அறிந்தவரே நிலத்தைப் பற்றி அறிய முடியும். கருநாடகத்தின் பூமித் திட்டம் இதே கேள்வியை வேறு அடுக்கில் கேட்கிறது: மாவட்டம், தாலுக்கா, ஹோபளி, கிராமம், சர்வே எண், அதன் துணைக்குறி, ஹிஸ்ஸா எண். தமிழ்நாட்டின் வருவாய் ஆட்சியில் ஹோபளிக்கு நேரான அலகு உள்வட்டம். நிருவாகத்தில் அது உயிருடன் இருந்தாலும் படிவத்தில் இடம்பெறவில்லை. பேரிகை உள்வட்டம் முழுவதையும் ஓர் அலகாக ஆராய விரும்புபவர் அதன் கிராமங்களைத் தாமே பட்டியலிட்டு ஒவ்வொன்றாகப் புக வேண்டும்.

படிவத்தின் அடுக்கு நிருவாக வரலாற்றையும் மறைத்துவிடுகிறது. சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965இல் பிரிந்தது; தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது; ஓசூர் வட்டத்திலிருந்து சூளகிரி வட்டம் அதன் பின் பிரிந்தது. பழைய பத்திரத்தில் "தருமபுரி மாவட்டம், ஓசூர் வட்டம்" என்று காணும் ஒருவர் அதே பாதையில் படிவத்திற்குள் சென்றால் தம் ஊரைக் காணமாட்டார். நிலம் நகரவில்லை; திறவுகோல் மாறியிருக்கிறது. தரவுத்தளத்தில் பழைய குறியீட்டுக்கும் புதிய குறியீட்டுக்கும் ஓர் ஒப்புமை அட்டவணை வைத்து, நுழைவாயில் அதையும் நோக்குமாறு செய்வது பெரிய வேலையன்று. அவ்வாறு செய்தால் பழம்பத்திரம் வைத்திருப்போருக்கு வட்ட அலுவலகத்திற்கு ஒரு நடை மிச்சமாகும்.

கேள்விகள் குறுக்கப்பட்டிருப்பதற்கு நியாயமும் உண்டு. பெயரைக் கொண்டு எவரும் எவருடைய நிலத்தையும் மொத்தமாகத் திரட்ட இயன்றால் அதன் பயன் முதலில் சென்று சேர்வது நில வணிகர்களிடமே. பூமித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணக்குப்படி ஏறத்தாழ 67 லட்சம் உழவர்களுக்குரிய 2 கோடி ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டு 177 தாலுக்கா மையங்கள் வழியே வழங்கப்பட்டன. கையெழுத்துப் படிகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. உழவருக்குக் கையூட்டும் அலைச்சலும் குறைந்ததாகப் பலர் பாராட்டினர். சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு மாறாக, பெங்களூரைச் சூழ்ந்த பகுதிகளில் பெருநிறுவனங்கள் நிலத்தைக் கைப்பற்றுவதற்கு இம்மையப்படுத்தலே வழி செய்தது என வாதிட்டனர். பெங்களூரின் தொழில் விரிவாக்கம் எட்டும் தொலைவில் உள்ள பேரிகைக்கு இந்த வாதம் அயலானதன்று. படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பதா விடுப்பதா என்பது நிரலர் மட்டும் முடிவு செய்யக்கூடிய தொழில்நுட்பச் செய்தி அன்று என்பதற்கு இவ்வாதம் சான்று.

பெயரும் குறியாக்கமும்

எண்ணைக் கொண்டு தேடுவதில் இல்லாத சிக்கல் பெயரைக் கொண்டு தேடும்போது எழுகிறது. "பேரிகை" என்னும் சொல் தமிழ் எழுத்தெண்ணிக்கையில் மூன்றெழுத்து. யூனிகோடு முறையில் ப, ஏகாரக் குறி, ர, இகரக் குறி, க, ஐகாரக் குறி என ஆறு குறியெண்கள். யு.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆதலால் மொத்தம் 18 பைட்டுகள். படிவத்திலிருந்து முகவரி வழியே செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துருக்களாக விரிய, வழங்கியை அடைவது 54 எழுத்துருக்கள் கொண்ட ஒரு கோவை. நிரல் அதைச் சரியாகச் சுருக்கி மீட்டால்தான் பேரிகை பேரிகையாகும்.

யூனிகோடு பரவுவதற்கு முன் நிலைமை இன்னும் கடினம். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களை ஏற்றது. டிஸ்கியும் இணையத்தில் வழங்கியது. இத்தகைய குறியாக்கங்களில் கொம்பும் ஐகாரக் குறியும் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னரே சேமிக்கப்பட்டன. யூனிகோட்டில் அவை ஒலிப்பு வரிசைப்படி மெய்க்குப் பின்னர் வருகின்றன. 2010 ஜூனில் அரசு யூனிகோடு, டேஸ் 16 ஆகிய இரண்டையும் தரமாக அறிவித்தது. பழைய குறியாக்கத்தில் ஏறிய பதிவுகளை மாற்றாமல் புதிய நுழைவாயிலின் கீழ் வைத்தால், திரையில் சரியாகத் தெரியும் பெயர்கூடத் தேடலில் அகப்படாது.

யூனிகோட்டுக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. "கோபாலப்பா" என்பதன் முதலெழுத்தைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை மட்டும் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு. இவற்றை ஒரே வடிவத்திற்குக் கொண்டு வரும் இயல்பாக்கத்தை நுழைவாயில் நிரல் வினவலுக்கு முன்பே செய்ய வேண்டும். செய்யாவிடில், "பதிவுகள் இல்லை" என்னும் விடை வரும். அந்த விடையைப் படிப்பவர் பதிவே இல்லை என்று கொள்வார். ஆய்வில் இது சிறிய பிழை அன்று.

எல்லைப் பகுதியில் இதன் மேல் மற்றொரு சிக்கல் ஏறுகிறது. தமிழில் வல்லின வரிசைக்கு ஒரே எழுத்து, கன்னடத்தில் நான்கு. கன்னடப் பதிவில் உள்ள ஒரு பெயரைத் தமிழுக்குக் கொண்டு வருவது எளிது. ஒலிப்புடைய ககரமும் ஒலிப்பில்லாக் ககரமும் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பட்டாவில் உள்ள பெயரைக் கொண்டு கன்னடப் பதிவைத் தேட முயன்றால் ஒவ்வொரு வல்லெழுத்துக்கும் பல வாய்ப்புகள் பிறக்கின்றன. பேரிகையும் பாகலூரும் ஆங்கிலத்தில் ஒலிப்புடைய பகரத்தோடு எழுதப்படுகின்றன. தமிழ் எழுத்து அதைக் காட்டுவதில்லை. ஆட்பெயர்களில் முனியப்பன், முனியப்பா என்னும் இரு வடிவமும் ஒரே குடும்பத்துக்குள் வழங்கலாம். தந்தை பெயரைத் தமிழ்ப் பட்டா "மகன்" என்னும் சொல்லால் இணைக்கிறது. கன்னட ஆவணம் "பின்" என்னும் அரபுச் சொல்லால் இணைக்கிறது. ஒன்றில் தந்தை பெயர் முன்னும் மற்றொன்றில் பின்னும் வருவதால், இரண்டையும் ஒப்பிடும் நிரல் முதலில் இவ்வரிசையை உணர வேண்டும்.

அளவும் காலமும்

பேரிகையில் வாழும் ஒரு குடும்பத்திற்கு எல்லைக்கு இப்பால் ஒரு துண்டும் அப்பால் மாலூர் வட்டத்தில் ஒரு துண்டும் நிலம் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி மொத்தப் பரப்பைக் காண முற்பட்டால் அலகு குறுக்கிடுகிறது. தமிழ்நாட்டுப் பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. மக்களோ சென்ட் கணக்கில் பேசுகின்றனர். கருநாடகத்தின் பஹணி ஏக்கரிலும் குண்டாவிலும் பேசுகிறது. ஓர் ஏக்கருக்கு 40 குண்டா. ஆகவே பஹணியில் "2.20" என்று காண்பது இரண்டு ஏக்கர் இருபது குண்டா, அதாவது இரண்டரை ஏக்கர். அதைத் தசமப் புள்ளியாகக் கொண்டு 2.2 ஏக்கர் என்று விரிதாளில் ஏற்றினால் முப்பது சென்ட் நிலம் காணாமற் போகும். தரவுத்தளம் பிழை செய்யவில்லை. பக்கத்தில் வந்த புள்ளி எதன் புள்ளி என்பதை நுழைவாயில் சொல்லவில்லை. நிலவகைப் பெயர்களிலும் இவ்வேறுபாடு உண்டு. நன்செய், புன்செய் என்னும் இரண்டுக்கு எதிரே அங்கே தரி, குஷ்கி, பாகாயத்து என மூன்று நிற்கின்றன.

இதனினும் ஆழமானது காலம் பற்றிய வேறுபாடு. பூமியின் படிவம் சர்வே எண்ணுக்குப் பின் காலப்பகுதியையும் ஆண்டையும் தெரிவு செய்யச் சொல்கிறது. எனவே ஒரே நிலத்தின் முந்தைய ஆண்டுகளின் பதிவையும் காண வழியுண்டு. தமிழ்நாட்டின் பட்டாப் படிவத்தில் ஆண்டுக்கெனக் கட்டம் இல்லை. இன்று யார் பெயரில் உள்ளது என்பதே அது தரும் விடை. நேற்று யார் பெயரில் இருந்தது என்று அதைக் கேட்க முடியாது. நிலம் கைமாறிய வரலாற்றை அறியப் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றிடம் செல்ல வேண்டும். அது மற்றொரு துறையின் மற்றொரு தரவுத்தளம். 2018இல் தொடங்கிய ஸ்டார் 2.0 மென்பொருளின் கீழ் இயங்குவது. கிராமக் கணக்கான அடங்கலோ ஜூலையில் பிறக்கும் பசலி ஆண்டைப் பின்பற்றுகிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. மூன்று ஆவணங்களையும் ஒரே காலக்கோட்டில் வைக்க விரும்பும் ஆய்வாளர் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

நுழைவாயில் திருத்துவதும் இல்லை. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நேர்ந்த பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் இன்றும் திருத்த மனுக்களாக வருவாய் அலுவலர்களிடம் சென்றுகொண்டிருக்கின்றன. கையால் எழுதிய பிழை கணினியில் ஏறி, நுழைவாயில் வழியே அச்செழுத்தில் வெளிவரும்போது, முன்னைவிட உறுதியாக நம்பப்படுகிறது. சிப்காட் போன்ற தேவைகளுக்காக நிலம் எடுக்கப்படும் பகுதியில் இழப்பீடு யாருக்கு என்பதை முடிவு செய்வதில் அந்த அச்செழுத்துக்கு இடமுண்டு.

முகவரியில்லாப் பக்கமும் மேற்கோளும்

நுழைவாயில் தரும் பக்கம் கேட்கும்போது பிறந்து, சாளரத்தை மூடும்போது மறைவது. படிவத்தின் மதிப்புகள் முகவரியில் வெளிப்படாமல் வேண்டுகோளின் உடலில் செல்லும்போது அப்பக்கத்திற்கெனத் தனி முகவரியே இராது. தேடுபொறிகளின் ஊர்வான்கள் படிவத்தை நிரப்புவதில்லை. இணைய ஆவணக் காப்பகங்களும் அவ்வாறே. சரிபார்ப்பு எழுத்துகளோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ கேட்கப்படும் இடத்தில் ஊர்வான் நுழையவே இயலாது. ஆகவே "அரசு இணையதளத்தில் வெளியிடப்பட்டுள்ளது" என்னும் தொடரை ஆய்வேட்டில் எழுதும்போது, அவ்வெளியீடு நூலகத்தில் இருக்கும் அரசிதழைப் போன்றதன்று என்பதை உணர்ந்தே எழுத வேண்டும். அடிக்குறிப்பில் தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் தரும் இப்போதைய பழக்கம் படிப்பவரை வாயிலில் நிறுத்திவிட்டுச் செல்வதே ஆகும்.

மேற்கோள் பயன்பட வேண்டுமாயின், அதே கேள்வியை மற்றொருவர் மீண்டும் கேட்பதற்கு வேண்டியவை அதில் இருத்தல் வேண்டும். எந்த மாநிலத்தின் எந்தச் சேவை, அந்த நாளில் இருந்த மாவட்ட, வட்ட, கிராமப் பெயர்கள், புல எண்ணும் உட்பிரிவும், கருநாடக ஆவணமாயின் தெரிவு செய்த ஆண்டு, பக்கம் பெறப்பட்ட நாளும் நேரமும் ஆகியவை அவை. பக்கத்தின் படியையும் ஆய்வாளர் தம்மிடம் வைத்திருத்தல் நலம். நிலவுடைமையாளரின் பெயரை மட்டும் மறைத்துக் காட்டலாம். இணையவழிப் பட்டாவின் அடியில் ஒரு குறிப்பு எண் அச்சாகிறது. தளத்தில் அவ்வெண்ணை உள்ளிட்டு ஆவணத்தின் மெய்ம்மையைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு அத்தாளே அறிவுறுத்துகிறது. அடிக்குறிப்பில் இந்த எண்ணையும் சேர்ப்பது தகும். எனினும் அச்சரிபார்ப்பும் ஒரு நுழைவாயில் நிரல் வழியே செல்வதுதான். அத்தளம் அந்த எண்ணை ஏற்கும் வரையில்தான் அது பயன்படும்.